பத்துத் தலைமுறைக்கு விலை பேசும் முன்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். வயது 63. என் அப்பாவின் அப்பா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவருடைய அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தார், முதல் உலகப் போரில் மெசபொட்டேமியா (இன்றைய ஈராக்) வரை போய்வந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். சொந்த ஊர் 'குடியாத்தம் பக்கம்' என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. தாத்தா இருந்தவரை வருஷா வருஷம் குடியாத்தம் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போய்வருவார். டொராண்டோவில் இருக்கும் என் மகள், குடும்ப வம்சாவளி வேண்டும் என்று கேட்கிறாள். ஒரு நிறுவனம் 90,000 ரூபாய்க்கு ஆறு மாதத்தில் பத்துத் தலைமுறை எழுதித் தருவதாகச் சொல்கிறது. பாதியை முன்பணமாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா, அல்லது நானே தேடலாமா? பெரியவர்களில் இப்போது இருப்பவர் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் 88 வயதில் இருக்கும் என் அத்தை ஒருவர்தான்.

— அல்சூர் வாசகி

பதில்:

அன்புள்ள அம்மா,

அந்த முன்பணத்தை இப்போது கொடுக்காதீர்கள். இந்த மாதமே அத்தையைப் போய்ப் பாருங்கள். அவர் சொல்வதையும் வீட்டில் இருக்கும் காகிதங்களையும் சேர்த்துவைத்துப் பார்த்த பிறகு, உங்களால் போக முடியாத இடத்தில் ஒரு குறிப்பிட்ட வேலை மீதமிருந்தால், அதற்கு மட்டும் ஒருவரை அமர்த்துங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு இதே வேலையைச் செய்பவர்களில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனாலேயே, எந்த வேலைக்குக் கூலி கொடுப்பது நியாயம், எதற்குக் கொடுப்பது வீண் என்று ஒளிவில்லாமல் சொல்லும் கடமையும் எனக்கு இருக்கிறது.

வம்சம் தேடுவதில் முதல் மூன்று தலைமுறைகளுக்கான சான்று பெரும்பாலும் வீட்டுக்குள்ளேதான் இருக்கும். அதை வெளியாள் ஒருவர் எடுத்துத் தர முடியாது. உங்கள் அத்தையிடம் நான் குறிப்பேட்டோடு போய் உட்கார்ந்தால், தாத்தா பெயர், பாட்டி பெயர், காப்பி என்ற அளவில் பேச்சு முடிந்துவிடும். முதல் தாரம் இறந்து இரண்டாம் தாரம் வந்த கதை, சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன பங்காளி வீடு, மதம் மாறிப் போன சித்தப்பா, பிள்ளையில்லாமல் தத்தெடுத்தது ஆகியவற்றை அண்ணன் மகளாகிய உங்களிடம்தான் சொல்வார். ஊர் ஊராக ஏன் நகர்ந்தார்கள், பெயர்கள் ஏன் மாறின என்பதற்கான விடை பெரும்பாலும் இப்படிப்பட்ட கதைகளுக்குள்தான் கிடக்கிறது. பதிவேடுகள் இன்னும் பத்து வருஷம் கழித்தும் அலமாரியில் இருக்கும். 88 வயதுப் பெரியவரின் நினைவை அப்படி நம்பிக் காத்திருக்க முடியாது.

அவரிடம் நேராக 'நம்ம சொந்த ஊர் எது?' என்று கேட்டால், உங்களுக்குத் தெரிந்த 'குடியாத்தம் பக்கம்' என்ற பதிலே திரும்ப வரும். சடங்குகளைப் பற்றிக் கேளுங்கள். வீட்டில் முதல் பிள்ளைக்கு முதல் மொட்டை எந்தக் கோயிலில் அடித்தார்கள்? காது குத்தும்போது யார் மடியில் உட்காரவைத்தார்கள், அந்தத் தாய்மாமன் எந்த ஊரிலிருந்து வந்தார்? தாத்தா செத்தபோது எந்தெந்த ஊர்களுக்கு ஆள் அனுப்பினார்கள், யார் யார் மொட்டை போட்டார்கள்? தாத்தாவுக்கு எங்கே பெண் எடுத்தார்கள், அத்தைக்கு முந்திய அத்தைகளை எங்கே கொடுத்தார்கள்? மொட்டை போட்டவர்கள் பங்காளிகள். சீர் கொண்டுவந்தவர்கள் மாமன், மச்சான் வழி. இப்படிக் கேட்டால், அவர் வாயிலிருந்து ஒரு கிராமத்தின் பெயர் தானாகவே விழ வாய்ப்பு மிக அதிகம். பெண்கள் வந்த ஊரை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். வம்சாவளி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஆண் வழியோடு நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் தொலைந்துபோன ஒரு சொந்த ஊரைப் பாட்டி பிறந்த ஊரை வைத்துக் கண்டுபிடிப்பது வழக்கமாக நடப்பதுதான், ஏனென்றால் அந்தக் காலத்தில் பெண் கொடுத்தல், எடுத்தல் எல்லாம் நடந்துபோகும் தூரத்துக்குள்ளேயே முடிந்துவிடும்.

வருஷம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். 'சுரங்கம் சர்க்கார் கைக்குப் போவதற்கு முன்னாலா, பின்னாலா?' என்று கேட்டால் 1956ஐ வைத்து நீங்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அவர் தன் பாட்டியிடம் கேட்ட கதைகளில் தாது வருஷப் பஞ்சம் வந்தால் அது 1876க்கும் 1878க்கும் இடைப்பட்டது. பெங்களூர் பிளேக் என்றால் 1898. ஊரே காய்ச்சலில் விழுந்தது என்றால் பெரும்பாலும் 1918. வட ஆற்காட்டுக் குடும்பங்கள் பலவற்றில் 'பஞ்சத்தில் கிளம்பி வந்தோம்' என்ற கதை உண்டு. அதைக் கேட்ட உடனே உண்மை என்று எழுதிவிடாமல், யார், யாரோடு, எந்த வழியாக வந்தார்கள் என்று தொடர்ந்து கேளுங்கள். பேச்சைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். ஒரே மூச்சில் கேட்டு முடிக்காமல், ஒருநாள் கேட்டுவிட்டு வந்து, எழுதிப் பார்த்து, எழும் சந்தேகங்களோடு மறுபடி போவதே நல்லது. மாரிகுப்பம் ரயிலில் போய்வரக்கூடிய தூரம்தானே.

எழுதும்போது ஒரு குழப்பம் நிச்சயம் வரும். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால், முனிசாமி மகன் வேலு, வேலு மகன் முனிசாமி, அந்த முனிசாமியின் மகன் மறுபடியும் வேலு என்று போகும். பத்திரத்தில் 'முனிசாமி மகன் வேலு' என்று கண்டால் அது எந்த வேலு என்பதை மனைவி பெயரும் காலமும்தான் தீர்மானிக்கும். ஆகவே ஒவ்வொருவருக்கும் பெயருக்குப் பக்கத்தில் மனைவி அல்லது கணவர் பெயர், பிறந்த ஊர், உத்தேச வருஷம், 'இதைச் சொன்னவர் யார்' என்ற நான்கையும் எழுதிவையுங்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது காகிதங்கள். பழைய டிரங்குப் பெட்டி எந்தப் பங்காளி வீட்டில் இருக்கிறது என்று அத்தைக்குத் தெரிந்திருக்கும். கொள்ளுத்தாத்தாவின் படை டிஸ்சார்ஜ் சான்று இருந்தால், தேடல் அங்கேயே பாதி முடிந்துவிடலாம். அதில் சிப்பாய் எண், தகப்பனார் பெயர், கிராமம், தாலுகா, ஜில்லா எல்லாம் எழுதியிருப்பார்கள். தாத்தாவின் சுரங்க சர்வீஸ் காகிதங்கள், பிராவிடண்ட் ஃபண்ட் சீட்டு, பள்ளிக்கூட டி.சி., ஜாதகம், கல்யாணப் பத்திரிகை ஆகியவற்றில் எதையும் 'இதில் என்ன இருக்கப்போகிறது' என்று ஒதுக்காதீர்கள். 1950களின் கல்யாணப் பத்திரிகையில் இருவீட்டார் பூர்வீக ஊரையும் அச்சடிப்பது வழக்கமாக இருந்தது. நிலக் காகிதத்தில், பழைய வருவாய்த்துறை ஆண்டுக் கணக்கான ஃபசலியில், 1330 என்று கண்டால் 590ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். 1920 ஜூலையில் தொடங்கும் ஆண்டு அது. பிரபவ, விபவ என்று வரும் தமிழ் வருஷங்கள் அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், எந்தச் சுற்று என்பதை ஆளின் வயதை வைத்து முடிவு செய்யுங்கள்.

குடியாத்தம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். வைகாசி முதல் தேதி நடக்கும் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குச் சுற்று வட்டாரம் முழுவதிலுமிருந்து ஜனங்கள் வருகிறார்கள். தாத்தா அங்கே போனார் என்பதை மட்டும் வைத்து ஊரைத் தீர்மானிக்க முடியாது. தவிர, பிழைக்க வந்தவர்கள் பலர் சிறு கிராமத்தின் பெயரைச் சொன்னால் பெங்களூரில் யாருக்கும் விளங்காது என்பதால், ரயில் ஏறிய ஊரின் பெயரையே சொந்த ஊராகச் சொல்லிவந்தார்கள். 'குடியாத்தம் பக்கம்' என்பது பேரணாம்பட்டாக இருக்கலாம்; மலைக்கு அந்தப்புறம் பலமநேராகவும் இருக்கலாம். 1911இல் சித்தூர் ஜில்லா அமையும் வரை பலமநேர் வட ஆற்காட்டில்தான் இருந்தது. அப்படியானால் நீங்கள் தேட வேண்டிய காகிதங்கள் இன்று ஆந்திரத்தில், தெலுங்கில் இருக்கும். தமிழ்நாட்டுப் பக்கத்திலும் 1989இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்து, 2019இல் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. எந்தக் காகிதத்தில் எந்த ஜில்லா என்று எழுதியிருந்தாலும், அது எழுதப்பட்ட வருஷத்தின் எல்லையை வைத்துத்தான் படிக்க வேண்டும்.

ஆகவே உங்களுக்குத் தேவையான ஊர், முதல் மொட்டை அடித்த கோயில் இருக்கும் ஊர்தான். அந்தக் கோயில் இன்றும் குலதெய்வக் கோயிலாக இயங்கினால், கும்பாபிஷேகத்துக்கும் திருவிழாவுக்கும் தலைக்கட்டு வரி வசூலித்த நோட்டு ஒன்று தர்மகர்த்தா வீட்டில் இருக்கும். வீட்டுக்கு ஒரு தலைக்கட்டாக, தகப்பன் பெயரோடு, வெளியூர் போனவர்களுக்கு எதிரே 'பெங்களூர்', 'தங்கவயல்' என்ற குறிப்போடு எழுதிய நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். மகன் தலையெடுத்ததும் அப்பா பெயரை அடித்துவிட்டு மகன் பெயரை மேலே எழுதியிருப்பார்கள். எந்த அரசு அலுவலகமும் இதைவிடத் துல்லியமாக ஒரு பங்காளி வகையறாவைப் பதிந்துவைத்ததில்லை. அந்த நோட்டையும் பங்காளி என்ற முறையில் நீங்கள் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். ஆய்வாளர் கேட்டால் யார், எதற்கு என்று பத்துக் கேள்வி கேட்பார்கள், அது நியாயமும்கூட.

இனி, பத்துத் தலைமுறை என்ற வாக்குறுதிக்கு வருகிறேன். தலைமுறைக்கு 25 முதல் 30 ஆண்டு என்று வைத்தால், பத்துத் தலைமுறை உங்களை 1700களின் முற்பகுதிக்கோ நடுப்பகுதிக்கோ கொண்டுபோகும். அன்று ஆற்காடு நவாபின் ஆட்சி. உழவரிடமே நேராக வரி வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியின் ரயத்துவாரி முறையே வராத காலம். உழைத்துப் பிழைத்த சாதாரணக் குடும்பத்தின் பெயர் தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்டு இன்றுவரை கிடைக்கும்படி அப்போது எந்தப் பதிவும் இல்லை. பாளையக்காரர், ஜமீன், இனாம் பெற்ற குடும்பங்கள், கோயில் ஊழிய உரிமை உடையவர்கள், பழைய கத்தோலிக்கப் பங்குகளைச் சேர்ந்தவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் அந்தக் காலத்துச் சான்று கிடைக்கக்கூடும். மற்றவர்களுக்கு, நல்வாய்ப்பு இருந்தால், 1800களின் பிற்பகுதி வரை போகலாம். உங்கள் கணக்கில் அது ஐந்து தலைமுறை, மிஞ்சினால் ஆறு. அதற்கு மேல் ஒருவர் பெயர் எழுதித் தந்தால், அந்தப் பெயர் எந்தக் காகிதத்தில் இருந்தது என்று கேளுங்கள். இப்படி வாங்கிய வம்சாவளிகள் சிலவற்றை என்னிடம் சரிபார்க்கக் கொண்டுவந்திருக்கிறார்கள்; நான்காம் தலைமுறை வரை வீட்டார் சொன்ன பெயர்கள், அதற்கு மேல் ஜாதிப் புராணத்திலிருந்து எடுத்து ஒட்டிய ஒரு குறுநில மன்னர். பணம் போனதைவிட, பொய்யான ஒரு மூதாதையைப் பேரப்பிள்ளைகள் உண்மை என்று நம்பி வளர்வதுதான் எனக்கு ஆறவில்லை.

வெளிநாட்டு முறையைப் படித்துவிட்டு உங்கள் மகள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கேட்பார். நம் நாட்டில் பழைய கணக்கெடுப்புகளின் புள்ளிவிவர அறிக்கைகள்தான் மிஞ்சின. வீட்டுவாரியாகப் பெயர் எழுதிய படிவங்களைப் பாதுகாத்து வைக்கவில்லை. கர்நாடகத்தில் நாட கச்சேரி என்ற உள்ளூர் வருவாய் அலுவலகத்தில் தரும் 'வம்சவிருட்ச'ச் சான்றும் வாரிசு காட்டுவதற்கானதே தவிர, மூதாதையரைத் தேடித் தருவதில்லை. நமக்குக் கிடைப்பவை வேறு. பிறப்பு, இறப்புப் பதிவுகள் சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடந்தன. கிராமத்தில் முன்சீப்பும் கர்ணமும் வைத்திருந்த ஏடுகள் 1980இல் அந்தப் பரம்பரைப் பதவிகள் ஒழிக்கப்பட்டபின் கைமாறின, சில பத்திரமாக, சில அரைகுறையாக. பழைய பிறப்புப் பதிவைத் திறந்தால் பெரும்பாலும் குழந்தையின் பெயர் இருக்காது. 'ஆண்' அல்லது 'பெண்', தகப்பன், தாய், ஜாதி, தகவல் சொன்னவர், அவ்வளவுதான். நில வரித்திட்டத்தின் அ-பதிவேட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் பட்டாதாரர் பெயர் உண்டு. நிலமே இல்லாத குடும்பம் என்றால், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் கொடுக்க 1892இல் தொடங்கிய பஞ்சமி நில ஒப்படையில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் உள்ள கிரயப் பத்திரங்கள்தான் என் அனுபவத்தில் அதிகம் பேசுபவை: 'வட ஆற்காடு ஜில்லா, குடியாத்தம் தாலுகா, இன்ன கிராமத்திலிருக்கும் இன்னாருக்கு, மேற்படி கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார் எழுதிக்கொடுத்த சுத்தக் கிரய சாசனம்' என்று தொடங்கி, எல்லை சொல்லும் இடத்தில் பக்கத்து நிலத்துப் பங்காளியின் பெயரையும் சொல்லிவிடும். சாட்சிக் கையெழுத்து போட்டவர்களில் ஒருவர் பெரும்பாலும் மாமனாகவோ மச்சானாகவோ இருப்பார்.

கூலிக்கு ஆள் அமர்த்துவது இங்கேதான் பொருத்தம். கிராமம் தெரிந்துவிட்டது, தகப்பனார் பெயர் தெரிந்துவிட்டது, உத்தேச வருஷமும் தெரிகிறது என்றால், சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய அட்டவணைகளைத் தேடவும், தாலுகா அலுவலகத்தில் மனுப்போட்டுத் தொடர்ந்து நடக்கவும், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அனுமதி வாங்கி உட்காரவும், புள்ளி வைக்காத பழைய கையெழுத்தையும் வீசம், மா, காணி என்று எழுதிய நில அளவையும் படிக்கவும் பழகிய ஆள் தேவைப்படும். பலமநேர்ப் பக்கம் என்றால் தெலுங்கு படிப்பவர் வேண்டும். நீங்கள் நாள்கணக்கில் அலைந்து செய்வதை அவர் ஓரிரு நாளில் முடிப்பார்.

ஆனால் வேலையைக் கேள்வியாக எழுதிக் கொடுங்கள். 'எங்கள் வம்சத்தைக் கண்டுபிடியுங்கள்' என்று கொடுக்காமல், 'இன்ன கிராமத்தில் 1900க்கும் 1930க்கும் இடையில் இன்னார் மகன் இன்னார் பெயரில் நடந்த கிரயங்கள்' என்று கொடுங்கள். கட்டணம் நாள்கணக்கில் இருக்கட்டும். பயணச் செலவும் நகல் கட்டணமும் தனி. கண்டுபிடித்தால் மட்டும் பணம் என்று ஒருவர் சொன்னால் அது உங்களுக்குச் சாதகம்போலத் தோன்றும். உண்மையில், எதையாவது கண்டுபிடித்தே தீர வேண்டும் என்ற நெருக்கடியை அவருக்கு அது உண்டாக்கிவிடும். தேடி எதுவும் கிடைக்காத ஏடுகளின் பட்டியலும் அறிக்கையில் வர வேண்டும். அது இருந்தால்தான் அடுத்து வருபவர் அதே ஏட்டை மறுபடி புரட்டாமல் இருப்பார். அவர் முன்பு எழுதிய அறிக்கை ஒன்றைப் பெயர்களை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்த ஏடு, எந்தப் பக்கம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் 1964 முதல் இத்தொழிலுக்கென ஒரு சான்றளிப்பு வாரியம் இயங்குகிறது. நம் நாட்டில் இதற்கு அரசு உரிமம் என்று எதுவும் கிடையாது, ஆகவே அறிக்கையின் தரம்தான் ஆளின் தகுதி. மூலக் காகிதங்களையும் ஆதார் நகலையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். காகிதங்களின் படங்கள் போதும்.

மகளுக்கும் வேலை இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இரண்டு உலகப் போர்களிலும் இறந்த இந்தியச் சிப்பாய்களின் பெயர்களை இலவசமாகத் தேடலாம். பலருக்குத் தகப்பன் பெயரும் கிராமமும் தாலுகாவும் கூட இருக்கும். திரும்பிவந்த உங்கள் கொள்ளுத்தாத்தா அதில் இருக்கமாட்டார். ஆனால் அவரோடு போய்த் திரும்பாத அண்ணன், தம்பி பற்றி அத்தைக்கு ஏதாவது நினைவிருந்தால், அந்தப் பெயர் உங்களை நேராக ஊருக்கே கொண்டுபோகலாம். ஒரே முனிசாமியை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதியிருப்பார்கள். எல்லா விதத்திலும் தேடச் சொல்லுங்கள். பங்காளிகளில் யாராவது 'கப்பலேறிப் போனார்' என்ற கதை இருந்தால், 1860 முதல் 1911 வரை நட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் பட்டியல்களும் இணையத்தில் உண்டு. தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம் வரை அவற்றில் காணலாம். குடும்பத்தில் கிறித்தவக் கிளை இருந்தால் ஃபேமிலிசர்ச் தளத்தில் கட்டணமின்றிக் கணக்குத் தொடங்கிப் பார்க்கலாம். ஆனால் பங்குச் சாமியாரிடம் நேரில் கேட்டு ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்ப்பதுதான் விரைவான வழி. மரபணுப் பரிசோதனைக்கு இப்போது செலவு செய்ய வேண்டாம். அது கிராமத்தின் பெயரைச் சொல்லாது; தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்தில் பெண் எடுத்த நம் குடும்பங்களில் தூரத்து உறவையும் நெருங்கிய உறவாகக் காட்டிக் குழப்பும்.

இன்னொன்றையும் மனத்தில் கொண்டு தொடங்குங்கள். பழைய ஏடுகளில் ஜாதியை இன்று வாயால் சொல்லக் கூசும் சொற்களில் எழுதியிருப்பார்கள். உங்கள் பாட்டனார் பெயருக்கு எதிரே அதைப் படிக்க நேரும்போது மனம் வலிக்கும். குடும்பத்தில் சிலர் அதை மகளுக்கும் பேரனுக்கும் தெரியவேண்டாம் என்று நினைக்கலாம். வம்சாவளியைப் பொதுவில் இணையத்தில் போடுவதற்கு முன், உயிரோடு இருப்பவர்கள் பெயர், பிறந்த தேதி ஆகியவற்றை நீக்கிவிட்டு, மற்றதைப் பங்காளிகளிடம் காட்டிச் சம்மதம் வாங்குங்கள்.

எல்லாம் செய்தும் கிராமத்தின் பெயர் கிடைக்காமல் போகலாம். அப்போதும் அந்த 90,000 ரூபாய் நிறுவனத்திடம் போகாதீர்கள். கிராமம் தெரியாமல் அவர்களும் எந்த ஏட்டைத் திறப்பது என்று அறியமாட்டார்கள். அந்த நிலையில் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்தில் சிப்பாய் எண்ணைக் கொடுத்து விசாரிப்பது, தாத்தா படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்பது, ஆண்டர்சன்பேட்டையில் சுரங்கத் தொழிலாளர்களுக்கான அதே லைன் (வரிசை) வீடுகளில் குடியிருந்த குடும்பங்களைத் தேடிப்போவது என்ற மூன்று வழிகள் மிச்சமிருக்கும். மூன்றாவதை முதலில் செய்யுங்கள். ஒரு ஊர்க்காரர்கள் ஒரே லைனில் குடியேறுவது தங்கவயலில் வழக்கம். 2001இல் சுரங்கம் மூடியபின் பலர் பெங்களூருக்கு இடம் மாறிவிட்டாலும், அடுத்த வீட்டுக்காரர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பது உங்கள் அத்தைக்கு நினைவிருக்கும். ஊர் கிடைத்ததும், கையில் உள்ள காகிதங்களின் படங்களோடு எனக்கு மீண்டும் எழுதுங்கள். எந்த அலுவலகத்தில் எந்த ஏட்டைக் கேட்க வேண்டும், அதற்கு ஆள் தேவையா, நீங்களே போனால் போதுமா என்று சொல்கிறேன்.